தொட்டி எதுவரை விழும்?

எங்கள் ஊரின் நடுவில் ஒரு காலி இடம் இருக்கிறது. ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற சாலையில் இறங்கி, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் குடில்களின் வெள்ளைக் கூரைகளைத் தாண்டி உள்ளே வந்தால், ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் நடுவே அது கிடக்கும். கொஞ்சம் புல். இரண்டு ஆடு. கான்கிரீட் சில்லுகள். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நான் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கி மேலே பார்த்துவிடுகிறேன். வெறும் வானம். அந்த வானத்தில் முப்பது வருடம் அறுபதாயிரம் லிட்டர் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

அறுபதாயிரம் லிட்டர் என்றால் அறுபது டன். ஒரு குடிநீர்த் தொட்டியின் ஆறு கால்களின் மேல் அறுபது டன். அதன் அடியில் சீட்டாடினோம், பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வம்பு பேசினோம். நானோ அளக்கிற வேலைக்காரன். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவு. தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்துக்காக ஒரு பெட்டி நிறையச் சாமானைத் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவன் இத்தனை வருடம் அந்தத் தொட்டியடியில் நடந்தும் ஒரு நாள்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. தண்ணீர் குழாயில் வந்தது. வந்ததால், அது எங்கே நிற்கிறது என்ற கேள்வி வரவில்லை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன் நான். வந்து இருபத்தைந்து வருடம் இருக்கும். இங்கேயே வீடு கட்டி, ஓட்டு வாங்கி, ஒரு தடவை வார்டு மெம்பராகவும் ஆகிவிட்டேன். என் வார்டில் பாதி லைன் வீடுகள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு மூன்று நான்கு பேர், எல்லோரும் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஓட்டு சொந்த ஊரில், தாகம் மட்டும் இங்கே. காலையில் குழாயடியில் நின்றால் மூன்று பாஷையில் ஒரே கேள்வி கேட்கும். தண்ணி வந்துச்சா, நீள்ளு ஒச்சிந்தா, நீரு பந்தா.

நான் மெம்பராக இருந்தபோது ஒரு சித்திரை மாதக் காலை, முதல் ஷிப்டுக்கான டவுன் பஸ் வருகிற நேரம். காலை வெயிலில் தொட்டியின் நிழல் மேற்கே சாலைமேல் விழும். அதனால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அந்த நிழலில்தான் நிற்பார்கள். லைன் வீட்டுப் பெண் ஒருத்தி, விழுப்புரத்துக்காரி, சாப்பாட்டுப் பையைத் தொட்டியின் கால் ஓரமாக வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க நாலு எட்டு முன்னால் போனாள். மேலேயிருந்து தோசைக்கல் அகலத்துக்கு ஒரு துண்டு காரை பெயர்ந்து அந்தப் பையின் மேல் விழுந்தது.

பைக்குள் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எடுத்துப் பார்த்தபோது மூடி உள்ளங்கை ஆழத்துக்குக் குழிந்திருந்தது. திறக்க முடியவில்லை. அந்தப் பெண் அழுதாள். "எங்கம்மா குடுத்த பாக்ஸு" என்று அழுதாள். அந்த இடத்தில் தன் தலை இருந்திருக்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸை விட்டால் அரை நாள் போய்விடும். குழிந்த டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஏறிப் போனாள். நானும் அதே பஸ்ஸில் போகவேண்டியவன். போகவில்லை. தலைவிக்குப் போன் போட்டேன்.

எங்கள் ஊராட்சித் தலைவி என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். பெண்களுக்கான இடம் என்று ஆனபோது, அவரை நிறுத்தினால் அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றுதான் ஊர் நினைத்தது. வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு பாதி மாதம் கர்நாடகத்தில் இருந்தார். ஆகவே நாற்காலியில் இவரே உட்கார வேண்டியதாயிற்று. வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், சந்தையில் கன்னடம். தக்காளித் தோட்டமும் கொஞ்சம் தைலமரமும் வைத்திருந்தார். அன்று தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர், கை கழுவாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

அண்ணாந்து பார்த்தார். காரை பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. துரு ஏறி, ஊதி, அடுக்கடுக்காக உரிந்திருந்தது.

"தண்ணி எவ்ளோ இருக்குது மேல?" என்று ஊராட்சியில் தண்ணி விடுகிறவரைக் கேட்டார்.

"ரொம்பிக் கீதும்மா. இப்பத்தான் மோட்டரு நிறுத்துனன்."

"எறக்குங்க."

"அத்தினியுமா? மாரியம்மன் பண்டிகைக்குப் பன்னெண்டு நாளுதான் கீது. ஜனம் என்னைத்தான் கிழிக்கும்."

"என் பேரச் சொல்லுங்க. மொதல்ல எறக்குங்க, திட்டு அப்பறமா வாங்கிக்கலாம்."

அடைப்பான் திறந்தது. அன்று காலை முழுக்கத் தெருவில் தண்ணீர் ஓடியது. குடம், வாளி, அண்டா எல்லாம் வெளியே வந்தன. அரை மணி நேரம் பண்டிகையே வந்துவிட்டது போலிருந்தது. அப்புறம் தெரு காய்ந்தது. அப்புறம்தான் எல்லோரும் தலைவியைத் தேடினார்கள்.

மூன்றாம் நாள் யூனியன் ஆபீசிலிருந்து இன்ஜினியர் வந்தார். நல்ல மனுஷன். சின்னச் சுத்தியலால் ஆறு கால்களையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கைக்குட்டையால் சுத்தியலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாக்க வீக்காத்தான் இருக்கு. ஆனா விழும்னு என்னால எழுதித்தர முடியாது. விழாதுன்னும் எழுதித்தர முடியாது. டெஸ்ட்டுக்கு அனுப்பறேன், ரிப்போர்ட் வர ஒரு மாசம் ஆகும்."

"அது வரைக்கும் ரொப்பலாமா, கூடாதா சார்?"

"அத நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

அவர் ஜீப் கிளம்பிப் போன தூசி அடங்கும்வரை தலைவி அசையாமல் நின்றதைப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து வரும் பதிலுக்கும் பத்து நாளில் வரும் பண்டிகைக்கும் நடுவே ஒரு பெண் நிற்கிறார். தெரிந்தவரே சொல்ல மறுத்ததை, தெரியாத ஒருவர் சொல்லியாக வேண்டும். பதவி என்று நாங்கள் மாலை போட்டுக் கொடுத்தது இதைத்தான் என்று அந்தத் தூசியில்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை மூன்று வருடத்துக்கு ஒரு முறை. வீட்டுக்கு வீடு உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஊர் மூன்று மடங்காகும். தொட்டி நிரம்பாமல் அத்தனை பேருக்குத் தண்ணீர் கிடையாது. பண்டிகைக் கமிட்டிக்குப் பெரியவர் ஒருவர், தலைவிக்கு மாமா முறை, நாள் தவறாமல் ஆபீசுக்கு வந்தார்.

"ஏம்மா, முப்பது வருசமா நின்னது இன்னும் பத்துப் பன்னெண்டு நாளு நிக்காதா?"

"நிக்கலாம் மாமா."

"அப்பறம் என்னா? பாதியாச்சும் ரொப்பு."

"பாதின்னா முப்பது டன்னு மாமா. அது தலைல விழுந்தா பாதி உசுருதான் போவுமா?"

"உன் வாயில நல்லதே வராதா? அம்மன் பாத்துக்குவா."

"அம்மன் தண்ணியும் குடுப்பா, உசுரையும் காப்பாத்துவா. ஆனா வால்வு என் கையிலதான மாமா கீது?"

மாமா போய்விடுவார். மறுநாள் வருவார். அவர் கேட்ட கேள்வி மட்டும் போகாமல் ஊருக்குள் சுற்றியது. டீக்கடையில், ரேஷன் வரிசையில், என் வீட்டிலும். முப்பது வருசமா நின்னது. அதில் ஒரு நியாயம் இருந்தது. இருக்கிற நியாயம்தான் பயமாக இருந்தது.

என் வார்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு என் வாசலில் நின்றார்கள். சிவகங்கையிலிருந்து என் தங்கை குடும்பம் வர டிக்கெட் போட்டாகிவிட்டது. நான் ஏதாவது செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு தாள் உண்டு. எது கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே யோசிக்கிற தாள். மூன்று கட்டம். கெட்டுப்போனால் விளைவு எவ்வளவு கொடியது, பத்துக்கு எத்தனை? கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு, பத்துக்கு எத்தனை? முன்னாலேயே கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம், பத்துக்கு எத்தனை? மூன்றையும் பெருக்க வேண்டும். நூறைத் தாண்டினால் உடனே நடவடிக்கை. தாண்டாவிட்டால் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் செருகிவிடலாம். ஒரு மாலை ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தொட்டிக்கு அந்தத் தாளைப் போட்டேன். விளைவு: பத்து. வாய்ப்பு: மூன்று. கண்டுபிடிக்கும் சிரமம்: நான்கு. பெருக்கினால் நூற்றிருபது.

கொஞ்ச நேரம் அந்த நூற்றிருபதைப் பார்த்தேன். வாசலில் ஒரு குடம் உருளும் சத்தம் கேட்டது. ரப்பரை எடுத்து மூன்றை அழித்து இரண்டு என்று எழுதினேன். எண்பது. நூறுக்குக் கீழே. மனசு லேசானது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் இருக்கிற எவரும் இதைப் படித்தால் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். ஆடிட் வருகிற வாரத்தில் எத்தனை மூன்றுகள் இரண்டாகியிருக்கின்றன! பொய் சொல்கிறோம் என்றுகூட நாங்கள் நினைப்பதில்லை. நூறுக்குக் கீழே கொண்டுவருவதுதான் வேலை என்று கை பழகிவிட்டது.

மறுநாள் அந்தத் தாளைத் தலைவியிடம் கொடுத்து விளக்கினேன். நூறு, பத்து, பெருக்கல் எல்லாம். அவர் கட்டத்துக்குக் கட்டம் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். தக்காளிச் சாறு காய்ந்து கறுத்த விரல். இரண்டின் மேல் அந்த விரல் நின்றது. தாளை ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இங்க மொதல்ல மூணுன்னு எழுதியிருந்தீங்களாண்ணா?"

"ஆமா."

"எதுக்கு அழிச்சீங்க?"

இருபத்தைந்து வருடத்தில் எந்த ஆடிட்டரும் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை.

அவர் என்னை விரட்டவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நானுந்தாண்ணா அழிச்சி அழிச்சி எழுதிக்கினு கீறன். காலைல எந்திரிச்சா ரொப்பிடலாம்னு தோணுது. அந்தப் பக்கம் போயி மேல பாத்தா வேணாம்னு தோணுது. மாமா வந்து கத்திட்டுப் போனா மறுபடியும் ரொப்பிடலாம்னு தோணுது. எது கணக்கு, எது பயம்னே தெரியல." மடித்த தாளை விரலால் சுட்டினார். "உங்க தாள்ல ஒண்ணு இல்லைண்ணா. அது விழுந்தா எது வரைக்கும் விழும்? அங்க யாரு நிப்பாங்க?"

விளைவுக் கட்டத்தில் பத்து போட்டிருந்தேன். ஒரு ஆள் செத்தாலும் பத்து. நாற்பது பேர் செத்தாலும் பத்து. பத்துக்கு மேலே அந்தத் தாளில் எண் கிடையாது.

"ஞாயித்துக்கெழம உங்களுக்கு லீவுதான? காலைல வாங்க" என்றார்.

ஞாயிறு காலை நான் போனபோது, தொட்டியடி வெயிலில் தண்ணி விடுகிறவர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். காலடியில் அவர் நிழல். தலைவி கையில் ஒரு மூங்கில் குச்சி, நிற்கிறவரின் உயரத்துக்கு வெட்டியது. அதைத் தரையில் படுக்கவைத்து நிழலோடு ஒட்டிப் பார்ப்பதும், இன்னும் நீளம் என்று தலையை ஆட்டுவதுமாக இருந்தார்.

"எவ்ளோ நேரம்மா நிக்கறது? போட்டோ எடுக்கறாப்ல நிக்க வெச்சிட்டீங்க" என்றார் அவர்.

"ஆடாதீங்க. நெழலு சுருங்கிக்கினே வருது."

என்ன நடக்கிறது என்று கேட்டேன். தலைவிக்கு ஆச்சரியம். "தைலமரம் வெட்டறப்ப பாத்ததில்லையா? மரம் எது வரைக்கும் விழும், கரன்ட்டு கம்பி மேல விழுமா, பக்கத்துக் காட்டுப் பயிரு மேல விழுமான்னு தெரிஞ்சிக்கினுதான வெட்டணும். ஆளு ஒசரமும் ஆளு நெழலும் ஒண்ணா ஆவற நேரம் ஒண்ணு வரும். அந்த நேரத்துக்கு மரத்து நெழல அளந்தா அதான் மரத்தோட ஒசரம். அது வரைக்கும் விழும்."

கம்பெனியில் ஏசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஜெர்மனியிலிருந்து வந்த கருவிகளோடு வாழ்கிறவன் நான். ஒன்பது மணி தாண்டி ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, குச்சியும் நிழலும் சமமாயின. "இப்ப!" என்றார் தலைவி. புடவையைச் செருகிக்கொண்டு ஓடினார். சாலைக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்த தொட்டி நிழலின் ஓரத்தில் ஒரு முளையை வைத்து, கல்லால் அடித்தார். வானத்தில் இருந்த உயரம் ஒரு நொடியில் தரைக்கு வந்து படுத்துக்கொண்டது. சூரியனையும் ஒரு மனிதனின் உடம்பையும் வைத்து அளந்த அளவு அது. அதில் அழிக்க எண் எதுவும் இல்லை.

காலடியிலிருந்து முளை வரைக்கும் கயிற்றை அளந்தோம். அந்தக் கயிற்றை ஒவ்வொரு காலிலும் பிடித்துக்கொண்டு வெளியே சுற்றி வர, தண்ணி விடுகிறவர் பின்னாலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு வந்தார். பெரிய வெள்ளை வட்டம். ஊர் வேடிக்கை பார்த்தது.

"தலைவரம்மா பண்டிகைக்குக் கோலம் போட்டுட்டாங்கடோய்!"

"புள்ளி வெக்க மறந்துட்டாங்க பாரு."

சிரித்தார்கள். நானும்கூடச் சிரித்தேன். பிறகு வட்டத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தோம். பஸ்ஸுக்கு நிற்கிற இடம் முழுதும் உள்ளே. அங்கன்வாடி வராந்தா உள்ளே. ரேஷன் கடையின் வரிசை உள்ளே, கடை வெளியே. லைன் வீட்டில் கடைசி மூன்று அறைகள் உள்ளே. பண்டிகைக்கு அன்னதானப் பந்தல் போடுகிற இடமும் உள்ளே.

அன்று பொழுது சாய்கிறவரை தலைவி அங்கேயே, கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒரு முறை வட்டத்துக்குள் தலைகளை எண்ணி, பேனாவால் இடது கையில் எழுதிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், இத்தனை வருடம் பார்க்காததை. தொட்டியின் நிழல் காலையில் மேற்கே நீண்டு கிடந்தது, பஸ்காரர்கள் மேற்கே நின்றார்கள். பொழுது ஏற ஏற நிழல் சுருங்கி அடிக்கு வந்தது, இஸ்திரி வண்டி கால்களுக்கு நடுவே வந்து நின்றது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தாய்மார் வந்தார்கள். மாலையில் நிழல் கிழக்கே நகர்ந்தது, சீட்டாடுகிறவர்கள் துண்டை உதறிக்கொண்டு கிழக்கே நகர்ந்தார்கள். கடிகார முள்ளோடு நகர்வது போல ஊரே அந்த நிழலோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. ஒரு மணி நேரம்கூட அந்த வட்டம் காலியாக இல்லை. குறைந்தது ஏழு பேர். அதிகம் போனது நாற்பத்தொன்று. தலைவியின் கை மணிக்கட்டு வரை நீலமாகிவிட்டது.

மாமா சாயங்காலம் வந்தார். வட்டத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே உள்ளே நடந்து, தொட்டிக்கு நேர் கீழே நின்று பீடி பற்றவைத்தார்.

"நான் நிக்கறன். விழட்டும் பாக்கலாம்."

"வெறுந் தொட்டி மாமா. ரொப்பினப்பறம் நிப்பீங்களா?"

"நிப்பன்!"

"சரி. பண்டிகை மூணு நாளும் நின்னுடுங்க. சாப்பாடு நானே கொணாந்து கோட்டுக்கு வெளிய வெக்கறன்."

சிரிப்பொலி எழுந்தது. மாமாவும் அரைச் சிரிப்புச் சிரித்தார். ஆனால் பீடி பாதி எரிவதற்குள் அவர் தலை தானாக ஒருமுறை மேலே நிமிர்ந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. பிறகு யாரையோ பார்க்கப் போகிறவர் போல மெல்ல நடந்து கோட்டைத் தாண்டி வெளியே வந்து, மிச்சப் பீடியை அங்கே நின்று குடித்தார்.

திங்கட்கிழமை கூட்டம். தலைவி எழுந்து நின்றார். "தொட்டி விழுமான்னு எனக்குத் தெரியாது. விழாமலே போவலாம். அப்டி விழலன்னா நீங்க என்னெத் திட்டுவீங்க, அது எனக்குத் தெரியும். தண்ணி கம்மியா வந்தாலும் திட்டுவீங்க. அந்தத் திட்டெல்லாம் நான் வாங்கிக்கறன், அது நாளைக்கி ஆறிடும். நாப்பத்தோரு பேரு தலைல விழுந்தா அத நான் எங்க கொண்டுபோயி வெக்கறது? தொட்டிய ரொப்பறதில்ல."

அதோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. வேண்டாம் என்று சொன்னதற்குப் பதில் என்ன என்பதையும் கொண்டுவந்திருந்தார். போர் மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏற்றாமல் நேராகக் குழாயில் விடுவது, தெருவுக்கு முக்கால் மணி நேரம். முதலில் லைன் வீடுகளுக்கு. ஏனென்றால் அவர்களுக்குத் தோட்டத்துக் கிணறு கிடையாது. "ஓட்டே இல்லாதவங்களுக்கு மொதல்லயா?" என்று ஒருவர் கேட்டார். "ஓட்டுக்குத் தாகம் எடுக்காதுங்க, ஆளுக்குத்தான் எடுக்கும்" என்று தலைவி சொன்னார். பந்தல் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறியது. பஸ் நிறுத்தம் நூறு அடி தள்ளிப் போனது. அங்கன்வாடி ஒரு காலி வீட்டுக்குப் போனது. கடைசி மூன்று அறைக்காரர்களை வேறு அறைகளுக்கு மாற்றினோம். இப்படி நேராகவே விட்டால் மோட்டார் சூடேறும், அதுவும் ஒரு ஆபத்து என்று அவரே சொன்னார். நடந்தால் அவருடைய தக்காளித் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர்.

நடந்தது. பண்டிகை இரண்டாம் நாள், ஊர் முழுக்க விருந்தாளிகள் இருக்கும்போது மோட்டார் எரிந்தது. அரை நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. தலைவியை மூன்று பாஷையில் திட்டினார்கள். என் தங்கை வீட்டுக்காரரே, "உங்க ஊருல தொட்டிய அழகு பாக்கத்தான் வச்சிருக்கீகளா?" என்றார். தலைவி கோயில் வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மத்தியானத்துக்கு அவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து டிராக்டர் தொட்டிகள் வந்தன. அப்போது காய் பிடித்திருந்த தக்காளி, மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் சுருண்டு போனது. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதாக எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது நான் பார்த்தேன்.

தொட்டி விழவில்லை. பண்டிகை முடிந்தது, விழவில்லை. ஆடிக் காற்று அடித்தது, விழவில்லை. காலியாக, ஜம்பமாக, ஆறு காலில் நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம், "நின்னுக்கினுதான் கீது?" என்று தலைவியிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். "நிக்குதுங்க" என்பார் அவரும். ரிப்போர்ட் தாமதமாக வந்தது. பழுது பார்க்கலாம், அல்லது இடிக்கலாம் என்று சொன்னது. இடிப்பது என்று தீர்மானம் போட்டோம்.

இடிக்கிற நாளில் ஊரே கூடியது. இயந்திரம் முதல் காலைத் தொட்டதும் அது உலர்ந்த வறுக்கி ரொட்டி போல உதிர்ந்தது. கூட்டத்தில் பாதி, "ஐயோ, பாத்தியா!" என்றது. ஆனால் நான்காவது கால் உதிரவில்லை. அரை நாள் அதை முட்டி மோதினார்கள். பாறை போல நின்றது. மறுபாதி, "பாத்தியா, எப்டி நிக்குது!" என்றது. எல்லோருக்கும் அவரவர் எண்ணத்துக்கு ஒரு கால் கிடைத்தது.

தூசியில் நின்றிருந்த தலைவியிடம் கேட்டேன். "நீங்க சொல்லுங்க. ரொப்பியிருந்தா விழுந்திருக்குமா?"

"தெரியாதுண்ணா."

"இத்தனைக்கப்புறமுமா?"

"அன்னைக்கும் தெரியாது. இன்னைக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது." இடிபாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நெனச்சிக்குவன். அப்பறம் தூங்கிடுவன்."

எனக்கு இன்றுவரை அந்தப் பதில் பெரிதாகவே இருக்கிறது. என் தொழிலில் தவறு வெளியே வந்துவிடும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார், எண்ணிக்கை வரும், யார் செய்தது என்று தெரியும். இவர் செய்ததோ நடக்காமல் போன ஒன்று. நடக்காததற்கு ரசீது கிடையாது. சரியா தவறா என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்து, அதற்கான வசவை வாங்கி, தோட்டத்தைக் காயவிட்டு, அப்புறம் தூங்கவும் முடிகிறது ஒரு மனுஷிக்கு. மேலே நின்ற அறுபது டன்னைவிட அதுதான் என்னை அண்ணாந்து பார்க்கவைக்கிறது.

எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அவர் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். நான் இன்னும் அதே கம்பெனியில், அதே தாளை நிரப்புகிறேன். மூன்று என்று மனசு சொன்னால் மூன்றை விட்டுவிடுகிறேன். அதற்காக மேனேஜரிடம் இரண்டு முறை திட்டு வாங்கியாயிற்று. ஆறிவிட்டது. அந்த விழுப்புரத்துப் பெண் இப்போது எங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வந்துவிட்டாள். மத்தியானத்தில் அவள் டிபன் பாக்ஸைப் பார்த்திருக்கிறேன். யாரோ தட்டி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். மூடியில் குழி மட்டும் லேசாகத் தெரிகிறது.

போன வாரம் தொட்டி இருந்த இடத்தில் தலைவியைப் பார்த்தேன். இப்போதும் அவரைத் தலைவரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். தலையில் தீவனக் கட்டு. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரவேண்டியவர். நடுவில் புல் தவிர எதுவும் இல்லை, நேராக நடந்தால் முப்பது எட்டு. சுண்ணாம்புக் கோடு எந்த மழையிலோ எப்போதோ கரைந்துவிட்டது. அது இருந்த இடத்தில், புல்லே முளைக்காமல், ஊர்க்காரர்களின் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து, ஒரு ஒற்றையடிப் பாதை வளைந்து கிடக்கிறது. பெரிய வட்டம். ரேஷன் கடைக்குப் போகிறவரும், பிள்ளையை அங்கன்வாடிக்கு விடுகிறவரும், ஏன், பண்டிகைக் கமிட்டி மாமாவும்கூட அதில்தான் நடக்கிறார்கள்.

தலைவியும் அதிலேயே வளைந்து சுற்றி வந்தார்.

"நீங்களுமா சுத்தி வர்றீங்க? அதான் ஒண்ணுமில்லையே?" என்றேன்.

அவர் தீவனக் கட்டோடு கழுத்தை ஒடிக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்கினார். வானம் நீலமாக இருந்தது.

"கால் அதுவா போவுதுண்ணா" என்றார்.